அக்கரைப் புல்வெளி

செபராங் ஜெயா: பசியாறும் நேரம்

"தோட்டத்துலயா கல்யாணம்?" என்று அப்பாயி கேட்டதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாயி சிரிக்கவில்லை. "தோட்டத்துலேர்ந்து வெளிய வர்றதுக்கு எங்களுக்கு ரெண்டு தலைமுறை ஆச்சு. மறுபடியும் அங்கேயே போறீங்களா?"

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. திருச்சியில் தோட்டம் என்றால் கொல்லைப்புறத்து முருங்கையும் இரண்டு வாழையும். மலேசியத் தமிழில் தோட்டம் என்றால் எஸ்டேட். ரப்பர், செம்பனை, லயத்து வீடு, விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்பது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. தங்கை 'கார்டன் வெட்டிங்' என்று சொன்னதை அவள் அப்பா, என் சித்தப்பா, தன் தாயாருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லப் போய் வந்த வினை அது.

இவர்கள் என் சின்னத் தாத்தா வழி. அவர் பெற்றோருடன் 1937இல் சிறுவனாகக் கப்பலேறியவர். அடுத்த ஆண்டே, கூலி வேலைக்கு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு தடை செய்துவிட்டது. ஓராண்டு தாமதித்திருந்தால் அப்பாயியும் இல்லை, இந்தக் கல்யாணமும் இல்லை. என்னை இடம் பார்க்கக் கூப்பிட்டதற்குக் காரணம் என் அப்பா. உறையூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருபத்திரண்டு வருடம் மேலாளராக இருந்தவர் அவர். அவர் பிள்ளைக்கும் மண்டப ஞானம் இருக்கும் என்று சித்தப்பா நம்பிவிட்டார்.

முதல் நாள் காலை பசியாறியது வீட்டுக்கு எதிர்க் கடையில். இடியாப்பத்துக்கு இங்கே புத்து மாயாம் என்று பெயர். தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் தூவித் தருகிறார்கள். பக்கத்து மேசையில் ஒரு சீனத் தாத்தா ரொட்டி சானாயைப் பருப்புக் குழம்பில் முக்கிக்கொண்டே கடைக்காரரிடம் தமிழில் கணக்குக் கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். வேறு யாரும் திரும்பவில்லை.

செபராங் என்ற மலாய்ச் சொல்லுக்கு மறுகரை என்று பொருள். ஜெயா நம் ஜெயம்தான். பினாங்குத் தீவில் நின்று பார்ப்பவருக்கு இந்த ஊர் அக்கரை. 1800இல் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்த இந்தக் கரைக்கு, இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த வெல்லெஸ்லியின் பெயரை வைத்தார்கள். முதலில் கரும்பு, பிறகு ரப்பர், பிறகு செம்பனை. 1970களில் மாநில வளர்ச்சிக் கழகம் இங்கே ஒரு புதுநகரை எழுப்பியது. இன்று வரிசை வீடுகள், பெரிய பேரங்காடி, அரசு மருத்துவமனை, 1988இல் திறந்த பறவைப் பூங்கா என்று ஊர் நிறைந்துவிட்டது. சித்தப்பா பக்கத்து ஊரான பிறையில் ஆலை ஒன்றில் முப்பது வருடம் மின்னணுச் சில்லுகளைச் சோதித்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா பால் மரம் வெட்டியவர். மகள் கணினிப் பொறியாளர். அந்த மகள்தான் இப்போது புல்தரையில் தாலி கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறாள்.

பிறை: கருமாரியம்மன் சந்நிதி

எந்த வேலையும் அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான். நெடுஞ்சாலையில் போகும்போதே கண்ணில் படுகிற ராஜகோபுரம் கொண்டது அருள்மிகு கருமாரியம்மன் கோயில். கோபுரத்தின் வண்ணங்கள் நம் ஊரைவிட ஒரு பிடி தூக்கல். வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் ஊரில் வண்ணம் வெளுத்துத் தெரியக் கூடாது என்று சித்தி விளக்கம் சொன்னார்.

அர்ச்சனை முடிந்ததும் தங்கை ஐயரிடம் நேராகக் கேட்டாள்: "வெட்டவெளியில ஹோமம் வளர்க்கலாமா ஐயா?"

"தாராளமா. அக்னிக்குக் கூரை எதுக்கும்மா? ஆனா காத்துக்கு மறைப்பு வேணும். மாப்பிள்ளை நெய் விடறப்ப அனல் உன் பட்டுப்புடவைக்கு வந்துடக் கூடாது பாரு."

மாதக் கணக்கும் அங்கேதான் போட்டோம். இந்தப் பக்கம் செப்டம்பரும் அக்டோபரும் மழை கொட்டும். ஜனவரி, பிப்ரவரி காய்ந்த மாதங்கள். புரட்டாசியில் நாம் கல்யாணம் வைப்பதில்லை. ஐப்பசியில் வைக்கலாம் என்று பஞ்சாங்கம் சொன்னாலும் வானம் ஒப்பாது. தை பிறந்தால் பஞ்சாங்கமும் வானமும் ஒத்துப்போகின்றன. ஆனால் தைப்பூசம் அந்த மாதத்தில்தான். பூசத்தன்று தீவின் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் வண்டி நகராது. சீனப் புத்தாண்டு வேறு அதை ஒட்டியே வரும். பூவுக்கும் நாற்காலிக்கும் அலைய நேரும். இரண்டையும் தள்ளி, தை மாதக் கடைசியில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு கிளம்பினோம்.

நான் போயிருந்தது அக்டோபரில். இடம் பார்க்க இது தோதான காலமா என்று சித்தி கவலைப்பட்டார். எனக்கு என் அப்பாவின் நினைப்பு வந்தது. மண்டபத்தை வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களை அவர் முதலில் மேடைப் பக்கம் கூட்டிப்போக மாட்டார். அடுப்படிச் சாக்கடையைக் காட்டுவார். பந்தியும் கழிப்பறையும் சரியாக இருந்தால் ஊர் பாராட்டும், மேடையை ஒருவரும் நினைவில் வைப்பதில்லை என்பார். அந்தக் கணக்கில், மழைக்காலத்தில் புல்வெளி பார்ப்பதுதான் முறை.

பாலம் கடந்து: ஆயர் ஈத்தாம்

1985இல் திறந்த பினாங்குப் பாலம் பதின்மூன்றரைக் கிலோமீட்டர் நீளம். தீவுக்குப் போகும் காருக்கு மட்டும் சுங்கம் உண்டு, திரும்பி வரும்போது இல்லை. "மொய் வைக்கறதுக்கு முன்னாடியே சொந்தக்காரங்க செலவு பண்ணணும்" என்றார் சித்தப்பா. சிரிப்பாகச் சொன்னாலும் இடம் தேர்வதில் அதுவும் ஒரு புள்ளி என்று குறித்துக்கொண்டேன்.

முதலில் சஃபோக் ஹவுஸ். 1786இல் இந்தத் தீவில் இறங்கிய பிரான்சிஸ் லைட் மிளகு பயிரிட்ட நிலம் இது. 1794இல் அவர் இறந்த பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மாளிகை எழுந்தது. இடையில் பள்ளிக்கூடமாக இருந்து, பாழடைந்து, மறுபடி மீட்கப்பட்டது. வெள்ளைத் தூண்கள், அகன்ற மேல்மாடத் தாழ்வாரம், முன்னால் ஆற்றங்கரை வரை பச்சை.

தங்கை புல்லில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். போன வாரம் ஒரு சீன ஜோடிக்கு இங்கே கல்யாணம் நடந்ததாம். நூற்றிருபது பேர், வெள்ளை நாற்காலிகள், ஒரு மணி நேரத்தில் சடங்கு முடிவு. சித்தி கைப்பையிலிருந்து எங்கள் பட்டியலை எடுத்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு முந்நூறு, நமக்கு நானூறு. சித்தப்பாவின் ஆலை நண்பர்களை அதில் இன்னும் சேர்க்கவில்லை. குறை இடத்தில் இல்லை, எங்கள் பட்டியலில் இருந்தது. தங்கை செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அங்கிருந்து தாவரப் பூங்கா பக்கம்தான். 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் உருவாக்கிய பூங்கா. கல்யாணத்துக்கு இல்லாவிட்டாலும் நடந்துவிட்டு வரலாம் என்று இறங்கினோம். மரக்கிளையிலிருந்து வந்த குரங்கு ஒன்று சித்தியின் கையில் இருந்த முறுக்குப் பையைப் பறித்து, அவர் கண் முன்னாலேயே பிரித்துத் தின்றது. "பந்தியில முதல் இலை இவனுக்குத்தான் போடணும்" என்றார் சித்தப்பா.

பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங்

தீவின் வடகரையில் கடலை ஒட்டி விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் கடலோரப் புல்வெளியைப் பார்க்க நேரம் கேட்டிருந்தோம். பெயர் வேண்டாம். நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் மலாய்ப் பெண் சிரித்த முகத்தோடு விதிகளைச் சொன்னார். புல்லில் நெருப்பு கூடாது. நாதஸ்வரம் வைக்கலாம், தவில் ஓசை குறைவாக இருக்கட்டும். வெளியிலிருந்து சமைத்துக் கொண்டுவரக் கூடாது. தங்கை என்னைப் பார்த்தாள். ஹோமம் இல்லை, தவில் இல்லை, வாழை இலை இல்லை. மீதி இருப்பது கடல்.

புல்வெளியின் மூலையில் ஏதோ செருகியிருந்தது கண்ணில் பட்டது. குனிந்து பார்த்தேன். ஒரு தென்னை ஈர்க்குச்சி. நுனியில் சிவப்பு மிளகாய், கீழே ஒரு சின்ன வெங்காயம், மறுபடி மிளகாய், மறுபடி வெங்காயம். மிளகாய் சுருங்கிக் கருத்திருந்தது. "நேற்று ஒரு விருந்து. மழை வராமலிருக்க" என்றார் அந்தப் பெண், கொஞ்சம் வெட்கத்தோடு. மழையைத் தள்ளிவைக்க மந்திரக்காரரையே அமர்த்துகிறவர்களும் உண்டாம். பாவாங் ஹூஜான் என்பார்கள். "நேற்று பெய்ததா?" என்று கேட்டேன். "விருந்து முடியும் வரை இல்லை."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. கடல் பக்கமிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு திரை வந்தது. முதலில் வாடை, பிறகு நாலு பெரிய துளி, பிறகு கொட்டு. முகப்புக் கூடம் இருநூறு அடி தள்ளி இருந்தது. நாங்கள் ஐந்து பேர் ஓடியே தெப்பலாக நனைந்தோம். எழுநூறு பேர், அதில் பாதி பட்டுப்புடவை, கையில் குழந்தை, ஊன்றுகோலோடு அப்பாயி என்று நினைத்துப் பார்த்தேன். அரை மணியில் மழை நின்றது. அப்பா சொல்லித்தந்தபடி குடைக் கம்பியின் நுனியைத் தரையில் ஊன்றினேன். ஒரு சாண் உள்ளே போயிற்று. சித்தப்பாவின் செருப்பு ஒன்று சேற்றில் தங்கிவிட்டது.

தெலுக் பஹாங்கில் வாசனைப் பயிர்த் தோட்டம் ஒன்று இருக்கிறது. 2003இல் திறந்தது. மலைச்சரிவில் ஏலம், பட்டை, ஜாதிக்காய், இஞ்சி வகைகள், நடுவே ஓடைச் சத்தம். மழை விட்ட நேரத்தில் நடந்தால் சமையலறையே காடாகிவிட்டது போல் மணம். கைவிடப்பட்ட பழைய ரப்பர் நிலம் இது என்று வழிகாட்டி சொன்னதும் சித்தப்பா என் காதருகே வந்தார்: "உங்க அப்பாயிகிட்ட சொல்லிடாதே. இதுவும் தோட்டம்தான்!" அழகில் ஒன்றும் குறையில்லை. ஆனால் படி ஏறி இறங்க வேண்டிய சரிவு. எண்பத்து நாலு வயது முழங்கால் அதற்குச் சம்மதிக்காது.

ஜார்ஜ் டவுன்: அஞ்சடி

அன்றிரவு குயின் தெருவில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு லிட்டில் இந்தியா வழியே நடந்தோம். பூக்கடைகளில் மல்லிகையைச் சரத்துக்கு இத்தனை வெள்ளி என்று விற்கிறார்கள். ரிங்கிட்டை இங்குள்ள தமிழர் இன்றும் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். நாசி கண்டார் கடையில் சோற்றின் மேல் மூன்று கறிக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்வதற்கு 'பஞ்சிர்' என்று ஒரு சொல். வெள்ளம் என்று பொருளாம். அன்றைக்கு எங்களுக்குப் பொருத்தமான சாப்பாடு. தமிழ் முஸ்லிம்கள் காவடித்தடியில் இரு பக்கமும் சோற்றுப் பானையும் குழம்புப் பானையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றதிலிருந்து வந்த பெயர் கண்டார்.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் மறுபடி மழை. ஆனால் ஒருவரும் ஓடவில்லை. பழைய கடைவீடுகளின் முன்னால், மாடியைக் கூரையாகக் கொண்டு தெரு நெடுக நீள்கிறது நடைவழி. ஐந்தடி அகலம் வைத்து ஆங்கிலேயர் காலத்தில் வந்த ஏற்பாடு. தமிழர் வாயில் அது அஞ்சடி. சீனப் பெண்ணொருத்தி அதில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வங்காளதேசத்துத் தொழிலாளிகள் தொலைபேசியில் ஊரோடு பேசினார்கள். நாங்கள் அஞ்சடியிலேயே துறை வரை பெரும்பாலும் நனையாமல் வந்துவிட்டோம்.

சித்தப்பாவும் சித்தியும் காரில் பாலம் வழியே போக, நானும் தங்கையும் படகேறினோம். பழைய இரட்டைத்தட்டுப் படகுகளில் கார்களும் ஏறின. 2023இல் வந்த புதிய படகுகளில் ஆட்களும் இருசக்கர வண்டிகளும் மட்டும்தான். நடுக்கடலில் நின்று பார்த்தால் தீவின் விளக்குகள் ஒரு பக்கம், பட்டர்வொர்த் விளக்குகள் மறுபக்கம். "இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு சொல்வாங்கல்ல அண்ணே," என்றாள் தங்கை, "நம்ம ஊரு பேரே அக்கரைதான். நான்தான் பச்சையைத் தேடி இங்க வந்தேன்."

புக்கிட் மெர்தாஜாம்: நாற்பது திண்ணை

மறுநாள் சித்தப்பாவுக்கு ஓர் எண்ணம். அப்பாயி கல்யாணம் நடந்த பழைய தோட்டத்தில் கோயிலும் முன்னால் ஒரு திடலும் இன்னும் இருக்கின்றன. அங்கேயே வைத்தால்? தங்கைக்கும் அது பிடித்துப்போயிற்று. பாட்டி நின்ற இடத்திலேயே பேத்தி. படம் எடுத்தால் எப்படி இருக்கும்!

வழியில் புனித அன்னம்மாள் ஆலய வளாகத்தைக் கடந்தோம். ஜூலைத் திருவிழாவுக்கு எல்லா இனத்தவரும் கூடுகிற இடம். அதன் வளாகத்தில் இருக்கும் செரோக் தோக்குன் பாறையில் பழைய இந்திய எழுத்துகள் பொறித்திருக்கின்றன. நம் பக்கத்துக் கப்பல்கள் கரும்பு வெட்ட ஆள் கொண்டுவந்த காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்தியவை.

தோட்டத்துக்குள் கார் நுழைந்ததும் அப்பாயி கண்ணாடியை இறக்கச் சொன்னார். இரு பக்கமும் செம்பனை. மரங்களுக்கு இடையே பகலிலும் இருட்டு. சின்ன மாரியம்மன் கோயிலுக்கு யாரோ புதிதாக மஞ்சள் அடித்திருந்தார்கள். முன்னால் திடல், ஓரத்தில் ஒரு மாமரம். சித்தப்பா அப்பாயியைக் கைத்தாங்கலாக இறக்கினார்.

"இங்கதான் பந்தல்," என்று அப்பாயி ஊன்றுகோலால் காட்டினார். 1958. கீற்று அந்தத் தோட்டத்துத் தென்னையிலேயே வெட்டியது. நாற்காலி தமிழ்ப்பள்ளியிலிருந்து. தொரை வந்து அஞ்சு வெள்ளி வைத்துவிட்டுப் போனாராம். தாலி கட்டி அரை மணிகூட ஆகவில்லை, மழை பிடித்துக்கொண்டது. கீற்றுப் பந்தல் எவ்வளவு நேரம் தாங்கும்? ஒழுக ஆரம்பித்துவிட்டது.

"அப்புறம் பந்தி?" என்று கேட்டேன்.

"லயத்துல போட்டாங்க. எதிர எதிர ரெண்டு லயம், நாப்பது வீடு. நாப்பது வீட்டுத் திண்ணையிலயும் இலை விரிச்சாச்சு. எங்க வீடு உங்க வீடுன்னு யாரு பார்த்தா? சாம்பார் வாளியத் தூக்கிக்கிட்டு லயத்து ஓரமாவே ஓடினாங்க. ஒரு ஆளு நனையல."

நான் திரும்பிப் பார்த்தேன். லயம் இருந்த இடத்தில் செம்பனைக் கன்றுகள் நட்டிருந்தார்கள். சிமெண்ட் தளத்தின் ஒரு துண்டு மட்டும் புல்லுக்குள் தெரிந்தது.

தங்கை மெதுவாகக் கேட்டாள்: "இங்கயே வச்சுக்கலாமா பாட்டி?"

அப்பாயி திடலைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "மழை வந்தா எங்க போவாங்க? இங்க இப்ப திண்ணை இல்லியே கண்ணு."

அம்மனுக்குச் சூடம் கொளுத்திவிட்டுத் திரும்பினோம். வழியெல்லாம் யாரும் பேசவில்லை. தோட்டம் வேண்டாம் என்று அவர் முதல் நாள் சொன்னது பழைய கஷ்டத்தை நினைத்துத்தான் என்று எண்ணியிருந்தேன். அது பாதிதான். கூப்பிட்டு வருகிறவர்களை நனைய விடக் கூடாது என்பது மீதிப் பாதி.

மறுபடியும் செபராங் ஜெயா

முடிவான இடம் வீட்டிலிருந்து ஐந்து நிமிடத் தொலைவில் இருந்தது. ஒரு பொது மண்டபம். அதன் பக்கவாட்டில் பந்து விளையாடும் அளவுக்குப் புல்தரை. மண்டபத்தைச் சுற்றி மூன்று பக்கமும் கூரையிட்ட அகலத் தாழ்வாரம். கடலும் மலையும் இல்லை. எதிரே வரிசை வீடுகளின் பின்புறக் கொடித்துணிதான் காட்சி. தங்கை உதட்டைப் பிதுக்கினாள். நான் குடையை எடுத்து ஊன்றினேன். முதல் நாள் இரவு பெய்த மழைக்குப் பிறகும் இரண்டு விரல்கடைதான் இறங்கியது. தண்ணீர் ஓரக் கால்வாய்க்கு ஓடும்படி தரை லேசாகச் சரிந்திருந்தது. கழிப்பறை எட்டு. அடுப்படிக்குத் தனி வாசல்.

புல்தரையின் ஓரத்தில் நான்கு தூங்குமூஞ்சி மரங்கள், குடை விரித்தாற்போல். மலாய்க்காரர்கள் இதை அஞ்சு மணி மரம் என்கிறார்கள். பொழுது சாயும்போது இலைகளை மடித்துக்கொள்ளும். காலையில் முகூர்த்தத்துக்கு அடர்ந்த நிழல், மாலையில் விளக்குத் தொங்கவிட்டால் இலைகளுக்கிடையே வானம். இதைச் சொன்னதும் தங்கை மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். அங்கிருந்து வர அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

தோட்டத்துக் கல்யாணம் நமக்கு வெளிநாட்டுச் சரக்கு அல்ல. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு கல்யாணத்தைக் காட்டுகிறார். உளுந்து சேர்த்த பொங்கல் ஒரு பக்கம் பரிமாறப்படுகிறது. வரிசையாகக் கால் நட்ட பெரிய பந்தலின் கீழ்ப் புதுமணல் பரப்பி, விளக்கேற்றி, மாலை தொங்கவிட்டிருக்கிறார்கள். வெட்டவெளிதான், ஆனால் வெறும் வானம் அல்ல. நம்மவர்கள் முதலில் பந்தலைப் போட்டார்கள், பிறகுதான் பெண்ணைக் கூட்டிவந்தார்கள். கல்யாணம் மண்டபத்துக்குள் போய்க் குளிர்சாதனத்தில் உட்கார்ந்ததெல்லாம் என் அப்பா காலத்துக் கதை.

அப்பாயியை அன்று மாலை கூட்டி வந்து காட்டினோம். அவர் புல்லைப் பார்க்கவில்லை. தாழ்வாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு நடந்தார். வாயால் ஏதோ எண்ணினார். "ஒரு பந்திக்கு இருநூறு இலை விழும்" என்றார். சித்தப்பா அங்கேயே முன்பணம் கட்டினார்.

தோட்டத்தில் கல்யாணம் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். இடத்தை மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள், முகூர்த்த வேளையில் பாருங்கள். காட்சியை விடுங்கள், முதலில் தரையைக் குத்திப் பாருங்கள். வீட்டில் வயதான ஒருவரைக் கூட அழைத்துப்போங்கள். மூன்று நாளில் நாங்கள் பார்த்த ஐந்து இடங்களில், அப்பாயியின் கேள்விக்குப் பதில் இருந்தது ஒன்றில்தான்.